ஒரு ஏக்கர் தேயிலைக்கும் உயில் வேண்டும்

இந்த முறை கேள்விகள் எல்லாம் நீலகிரியிலிருந்து. கேட்டவர்கள் வேறு வேறு, கவலை ஒன்றுதான்: நமக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் திண்டாடக் கூடாது.

குன்னூர் பக்கம், சிறு தேயிலை விவசாயி: ஒரு ஏக்கர் தேயிலை, ஒரு ஓட்டு வீடு. இதற்கு எதற்கு உயில்? அது எஸ்டேட் முதலாளிகள் பாடு அல்லவா?

முதலில் எழுத வேண்டியவரே நீங்கள்தான். எஸ்டேட் முதலாளியின் பிள்ளைகள் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்தாலும் அவர்கள் வீட்டு அடுப்பு அணையாது. உங்கள் வீட்டில் பச்சைத் தேயிலைப் பணம் ஒரு மாதம் நின்றால் மளிகைக் கடையில் பாக்கி ஏறும், இரண்டாம் மாதம் பள்ளிக் கட்டணம் நிற்கும்.

நீங்கள் எழுதாவிட்டால் சட்டமே பங்கு போட்டுவிடும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள், உயிரோடு இருக்கும் அம்மா ஆகியோருக்குச் சமமாகப் போகும். அந்த நால்வரும் இருந்தால் ஆளுக்குக் கால் ஏக்கர். ‘என் மனைவி கடைசி வரை இந்த வீட்டில் இருக்கட்டும், பிறகு பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று நீங்கள் மனதுக்குள் நினைத்திருப்பது சட்டத்துக்கு எப்படித் தெரியும்? எழுதினால்தான் தெரியும்.

கோத்தகிரி, ஆட்டோ ஓட்டுநர்: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஜெயலலிதாவின் கொடநாடு எஸ்டேட். அவ்வளவு பெரிய தலைவரே உயில் எழுதாமல்தானே போனார்?

அதனால் என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். ஜெயலலிதா இறந்தது 2016 டிசம்பர் 5. உயில் இல்லை. கணவரோ பிள்ளைகளோ இல்லை, பெற்றோரும் இல்லை. அண்ணன் ஜெயகுமாரும் முன்பே காலமாகிவிட்டார். அண்ணனின் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லமாக்க அரசு கையகப்படுத்தியது, அதை 2021 நவம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது, டிசம்பரில்தான் சாவி வாரிசுகள் கைக்கு வந்தது. ஐந்து வருடம்!

அந்த வீடு நினைவில்லமாக வேண்டுமா, அண்ணன் பிள்ளைகளுக்குப் போக வேண்டுமா என்பதில் அவருடைய விருப்பம் என்ன என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கம் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அவருடைய வாரிசுகளுக்குப் பெரிய வக்கீல்கள் கிடைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு?

கேத்தி, இளைஞர்: பட்டா இன்னும் தாத்தா பெயரில். அப்பா, சித்தப்பா, பெரியப்பா ஆளுக்கொரு பக்கம் கொழுந்து பறிக்கிறார்கள். சண்டை ஏதும் இல்லை. அப்படியே விடலாமா?

சண்டை இல்லாத இப்போதே முடித்துவிடுங்கள். தாத்தாவுக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் என்று வையுங்கள். இன்று ஐந்து கையெழுத்து போதும். அவர்களில் ஒருவர் காலமானால் அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் பத்து வருடம் போனால் ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில் என்று இருப்பார்கள். யாராவது மைனராக இருந்தால் அந்தப் பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் பயிர்க்கடன், மானியம், பி.எம். கிசான் ஒவ்வொன்றுக்கும் தடை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பிறகு கூட்டுப் பட்டா, அடுத்து பதிவு செய்த பாகப்பிரிவினை, அதை வைத்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா. இதுதான் வரிசை. வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும், எந்தச் செடி யாருக்கு என்று சொல்லாது.

மலைக்கென்று ஒரு எச்சரிக்கை. சமவெளியில் சென்ட் கணக்கு பார்த்துப் பிரித்தால் ஓரளவு சரியாகிவிடும். சரிவு நிலத்தில் நடைபாதை யார் பங்கின் வழியாகப் போகிறது, ஊற்றுத் தண்ணீர் யாருக்கு, மழைநீர் வாய்க்கால் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். மேல் பங்குக்காரர் பாதையை அடைத்தால், கீழ்ப் பங்குக்காரர் கொழுந்து மூட்டையை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்?

ஊட்டி, வியாபாரி: மகளுக்கு நகை, சீர் எல்லாம் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று. இனியும் அவளுக்குப் பங்கு உண்டா?

உண்டு. கல்யாணச் செலவுக்கும் பங்குக்கும் சட்டத்தில் தொடர்பே கிடையாது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களை அப்போது விலக்கியிருந்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் திறக்க முடியாது.

நீங்களே சம்பாதித்த கடையை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். மகனுக்கே எழுதுவதானாலும் மகளை உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். அப்பா போன பிறகு வக்கீல் வாயால் அதைக் கேட்கும் மகளின் வலியை எந்தச் சீரும் ஈடு செய்யாது.

தும்மனட்டி: ‘வீடு கடைசிப் பையனுக்கு’ என்பது எங்கள் வழக்கம். வழக்கம் செல்லாதா?

எல்லோரும் மதிக்கும்வரை செல்லும். ஒருவர் மறுத்தால் 1956 சட்டம்தான் நிற்கும். வழக்கம் தொடர வேண்டுமென்றால் உயிலாக எழுதுங்கள். அப்போது வழக்கத்துக்குச் சட்டமே துணை நிற்கும்.

மஞ்சூர், குடும்பத் தலைவி: வங்கிக் கணக்கில் நான்தான் நாமினி. பணம் எனக்குத்தானே?

பணம் உங்கள் கைக்கு வரும். அதனாலேயே உங்களுடையது ஆகிவிடாது. நாமினி, வாரிசுகள் சார்பில் வாங்கி வைத்திருப்பவர். வங்கி யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை நாமினேஷன் முடிவு செய்கிறது. யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ முடிவு செய்கிறது. பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதே விதிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும்.

அதற்காக நாமினி போடாமல் விடாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்றே எழுதிக் கொடுக்கலாம். நாமினியும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் பத்து வருடம் கிடந்த பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். ‘உத்கம்’ என்ற ரிசர்வ் வங்கி இணையதளத்தில் தேடி, வாரிசுகள் அதைத் திரும்பக் கேட்கலாம். அப்பாவுக்குப் பழைய கணக்கு இருந்ததாக ஞாபகம் இருப்பவர்கள் இன்றே தேடுங்கள்.

பந்தலூர், தோட்டத் தொழிலாளி: தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்தோம். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் ஒரு சென்ட் கிடையாது. எங்களிடம் எழுதி வைக்க என்ன இருக்கிறது?

ஒரு வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. அதனால் உங்கள் சொத்தெல்லாம் தாளில்தான் இருக்கிறது: பி.எப்., பணிக்கொடை, பி.எப்.போடு சேர்ந்த காப்பீடு.

வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்தால் அந்தக் காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது. கல்யாணத்துக்கு முன் கொடுத்த பி.எப். நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போகும், புதிதாகக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் விட்டுப்போன பணம் உங்கள் தோட்டத்திலேயே யாருக்காவது இருக்கலாம்.

அடுத்தது பெயர். பழைய சிலோன் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்துப் பிழை. உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்த ஒரு விண்ணப்பம் போதும். போன பிறகு ‘இருவரும் ஒருவரே’ என்று மனைவி நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதமே தோட்ட அலுவலகத்தில் மூன்று பதிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அருவங்காடு, ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர்: உயில் எழுதுவது எப்படி? ஸ்டாம்ப் பேப்பர், வக்கீல், பதிவு எல்லாம் வேண்டுமா?

வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதினால் போதும். முத்திரைத் தீர்வை கிடையாது. 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருப்பவர் யாரும் எழுதலாம். நீங்கள் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். உயிலின் உயிரே இந்தச் சாட்சிகளில்தான் இருக்கிறது. உங்களைவிட இளையவர்களாக, உயிலில் பங்கு பெறாதவர்களாகத் தேர்ந்தெடுங்கள். வயது அதிகமென்றால் ஒரு சாட்சி உங்கள் டாக்டராக இருப்பது நல்லது.

ஒவ்வொரு சொத்தையும் சர்வே எண், கதவு எண், கணக்கு எண்ணோடு எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். சொன்னபடி செய்து முடிக்க நம்பிக்கையான ஒருவரை நிறைவேற்றுபவராகக் குறிப்பிடுங்கள். மைனர் பிள்ளைகள் இருந்தால் யார் பாதுகாவலர் என்றும் எழுதலாம்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். ‘இது அப்பா கையெழுத்தே இல்லை’ என்ற பேச்சு எழுவது கஷ்டம். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பதிவு அலுவலகம் உயிலின் நகலை வேறு யாருக்கும் கொடுக்காது. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

அதே வாசகர்: மகன் ‘இப்போதே எழுதிக் கொடுங்கள்’ என்கிறான். செட்டில்மென்ட் செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், நடுவில் மாற்றலாம். தான செட்டில்மென்ட் பதிவு செய்த அன்றே உரிமை கை மாறும், நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் தயங்கித் தயங்கி உட்காரும் பெற்றோரை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரிகள் பத்திரத்தில் இருக்கட்டும்: நீங்களும் உங்கள் மனைவியும் ஆயுள் முழுக்க அங்கே வசிக்கும் உரிமை, உங்களை மகன் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். பாசமுள்ள மகன் இந்த இரண்டு வரிக்கு மறுப்புச் சொல்ல மாட்டான்.

வெலிங்டன், ஆசிரியை: கணவர் காலமாகிவிட்டார், குழந்தை இல்லை. சேமிப்பில் ஃபிளாட் வாங்கியிருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. எனக்குப் பிறகு அம்மாவுக்குத்தானே?

இல்லை. இதைப் படித்து முடித்ததும் உயில் எழுத உட்காருங்கள். இந்துப் பெண் தானே சம்பாதித்த சொத்து, பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால், முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்றோர். அதே 1956 சட்டத்தின் 15-ஆவது பிரிவு இப்படித்தான் சொல்கிறது.

2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இது. கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையான பெண், புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், சேமித்தார். உயில் எழுதாமல் இறந்தார். சேமிப்பு முழுதும் கணவர் வழி உறவினர்களுக்கே என்று தீர்ப்பானது. நீதிமன்றம் அனுதாபப்பட்டது, சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களைப் பார்த்து, குறிப்பாக இந்துப் பெண்களைப் பார்த்து, உடனே உயில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கையில் வருமானம் உள்ள ஒவ்வொரு பெண்ணும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

குன்னூர், கல்லூரி மாணவி: கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இதே விதிகளா?

உயில் எழுதும் எண்ணம் ஒன்றே, விதிகள் வேறு. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. கிறிஸ்தவர் எழுதிய உயிலுக்குச் சாட்சி போட்டவர் அந்த உயிலில் எதுவும் பெற முடியாது, உயில் எழுதியவர் பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். முஸ்லிம்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே உயில் எழுதலாம். அதுவும் வாரிசுகளில் ஒருவருக்கு என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

கோத்தகிரி வட்டம், பழங்குடிப் பெண்: எங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது என்கிறார்களே?

சரிதான். பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, அந்தச் சட்டம் பொருந்தாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் வழக்கமே இதை முடிவு செய்கிறது. வழக்கத்தைக் காட்டிப் பெண்களுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒரு பழங்குடிப் பெண்ணின் பிள்ளைகள் தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது.

2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் என்றால் இன்னும் தெளிவு. உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வாரிசுகளுக்கு இறங்கும். விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. உங்கள் வீட்டு உரிமைச் சீட்டை எடுத்து, அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடலூர், மிளகு விவசாயி: எங்களுடையது செக்‌ஷன் 17 நிலம். பட்டாவே இல்லை. உயில் எழுதி என்ன பயன்?

1969 கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுச் சிக்கல் தீராமல் தலைமுறைகள் போய்விட்டன. உங்கள் வேதனை புரிகிறது. இல்லாத பட்டாவை உயிலால் உண்டாக்க முடியாது. ஆனால் உங்கள் பிள்ளைகள் நாளைக்கு உரிமை கேட்கும்போது காட்ட வேண்டியது நீண்ட நாள் அனுபவத்தின் ஆதாரத்தை. வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, பழைய மனுக்கள், நோட்டீஸ்கள் எதையும் எறியாதீர்கள். அவற்றை யார் வைத்துக்கொள்வது, வீட்டில் யார் இருப்பது என்று எழுதி வையுங்கள். சகோதரர்களுக்குள் பிளவு வந்தால் எதிர்த்தரப்புக்கு வேலை சுலபமாகிவிடும்.

எல்லநள்ளி: அப்பா வைத்த கடனும் எங்கள் தலையில் விழுமா?

அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர, உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. அதனால் அப்பா எழுதும் பட்டியலில் கடனும் இருக்கட்டும்: நகைக்கடன், சீட்டு, கைமாற்று, வரவேண்டிய பாக்கி.

கோவையில் வேலை பார்க்கும் மஞ்சனக்கொரை இளைஞர்: அப்பாவிடம் உயில் பேச்சை எடுத்தால் ‘நான் சாகணுமா?’ என்கிறார். எப்படிக் கேட்பது?

கேட்காதீர்கள், முதலில் நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கும் பி.எப்., காப்பீடு, வங்கிக் கணக்கு இருக்கிறது. ஊருக்குப் போகும்போது உங்கள் தாளை அப்பா கையில் கொடுத்து, ‘எனக்கு ஏதாவது ஆனால் அம்மாவும் நீங்களும் சிரமப்படக் கூடாதுப்பா’ என்று சொல்லுங்கள். முப்பது வயது மகன் எழுதியதைப் பார்த்த பிறகு அறுபது வயது அப்பாவுக்குப் பேச்சு வரும்.

தோட்டத்துக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் சொல்லலாம். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வது செடி சாகப் போகிறது என்பதற்காகவா? அடுத்த கொழுந்துக்காக. உயிலையும் அந்தக் கணக்கில் எழுதி, ஒவ்வொரு கவாத்துக்கும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் கல்யாணம், பிறப்பு, இறப்பு, புதுச் சொத்து எது வந்தாலும் திருத்தலாம்.

ஊட்டி, வாசகி: எல்லாம் சரி, நாளைக்கே செய்யக்கூடிய வேலை எது?

ஒரு நோட்டு வாங்குங்கள். நிலம், வீடு, வங்கி, அஞ்சலகம், காப்பீடு, பி.எப்., கடன் என்று பக்கத்துக்கு ஒன்றாக எண்ணோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாமினி யார் என்று பக்கத்தில் குறியுங்கள். நாமினி இல்லாத பக்கம்தான் இந்த வார வேலை. மூலப் பத்திரங்களுக்கு நகல் எடுத்து மலைக்குக் கீழே இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் ஒரு கட்டு வையுங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோரின் உயிர் போயிற்று. அப்படி ஒரு மழையில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் யாரும் பீரோவைத் திறந்துகொண்டிருக்க மாட்டார்கள். கடைசியாக, அந்த நோட்டு இருக்கும் இடத்தைக் கணவரிடமும், விவரம் தெரிந்த ஒரு பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். அது முடிந்ததும் உயில் எழுதத் தேதி குறியுங்கள்.